நான் கொடுக்காத குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ போடுகிற ஆள் நான். ஏற்காட்டில் லாட்ஜ் மேனேஜராக இருப்பவனுக்கு இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது, சாவியைக் கையில் வாங்கும்போதே "இங்க ஏதோ இருக்காமே சார்?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள், "இருக்குங்க, கொரங்கு இருக்கு, ஜன்னலைச் சாத்திக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். என் சம்சாரம் சரோஜா நம்பவில்லை, அவள் நம்பாததற்குக் காரணமும் நான்தான், அது எப்படி என்று போகப் போகத் தெரியும். நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாமே பகலில் நடந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவில், அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மழை, மேகம், பழுத்த இலை, இப்படி எதையாவது பற்றி நாலு வரி எழுதுவேன், கவிதை என்றும் சொல்ல முடியாது, கட்டுரை என்றும் சொல்ல முடியாது, அதை நானே வாசித்து, பின்னால் மலையின் சத்தத்தை ஓடவிட்டு, இணையத்தில் போடுவேன். கேட்கிறவர்கள் சொற்பம். ஆனாலும் அந்தச் சொற்பம் பேருக்காக ஒரு கையடக்க ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக அலைவேன், ஓர் இடத்தில் உட்கார மாட்டேன், கால் ஒரு பக்கம் காது ஒரு பக்கம். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில்தான் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம். அதன் சத்தம் இருக்கிறதே, எதைப் போட்டாலும் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. மவுஸை நகர்த்தினால் அதற்கும் ஒரு கீச்சு. மௌனத்தைப் பதிவு செய்து எடுத்து வந்தால் அது தாளிப்புச் சத்தமாக வெளியே வரும். எத்தனை நாள்தான் பொறுப்பது?

அந்தக் கரகரப்பு போக ஒரு சவுண்ட் கார்டு வாங்கி மாட்டினேன், அந்தக் கதைக்குப் போகிறதற்கு முன்னால் ஐப்பசியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் முள் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது கொட்டச்சேடு பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு ஓரத்தில். இங்கே மேகம் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறவர் "ஓஓய்" என்று ஒரு குரல் விடுவார். அது யார் காதில் விழுகிறதோ அவர் பதிலுக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டும். என்ன வேலையில் இருந்தாலும் சரி, ஆகாதவராகவே இருந்தாலும் சரி. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இவர் வழி கண்டுபிடிப்பார். இது சட்டமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை, தும்மினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இயல்பான ஒன்று. சேலத்திலிருந்து பிழைக்க வந்த நானே, வந்த புதிதில், முகம் தெரியாத யாரோ கொடுத்த குரலைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் ரெக்கார்டரைச் சில்வர் ஓக் மரத்தில் ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, கீழே கல்லில் உட்கார்ந்திருந்தேன். பல நாள் காத்திருந்து கிடைத்த மேகம். காற்று இல்லை. ஒரு வண்டி இல்லை. மேலே இலையில் சேர்கிற ஈரம் காப்பிச் செடியில் விழுந்து, அங்கிருந்து மிளகுக் கொடியில் விழுந்து, அங்கிருந்து மண்ணில் விழுகிற ஓசை, ஒவ்வொரு சொட்டும் யோசித்து யோசித்து விழுகிற மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது கீழ்ச் சரிவிலிருந்து "ஓஓய்" என்று ஒரு குரல்.

யாரோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரியும். சடையண்ணன் குரல். எங்களுக்குக் கீழே காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கிறவர், அறுபதைத் தாண்டியவர், தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே இருக்கிற குடும்பம். அவர் குரல் கடைசியில் கயிற்றைச் சுண்டி இழுக்கிற மாதிரி மேலே ஏறும். வாயைத் திறந்தேன். ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு என்னைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மனுசனுக்கு இப்போதுதானா வழி தப்ப வேண்டும் என்று எரிச்சல் வந்தது, அதுதான் உண்மை. பிறந்து வளர்ந்த தோட்டம், அவருக்குத் தெரியாத வழியா என்றும் நினைத்தேன். வேறு யாராவது கொடுப்பார்கள் என்றும் நினைத்தேன். மறுபடியும் "ஓஓய்". இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். மூச்சு விடுகிற சத்தம்கூட விழக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு கல் மேல் கல்லாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குரல் வரவில்லை. மேகம் விலகியது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சடையண்ணன் வாசலில் வந்து நிற்கிறார். முழங்காலில் சிராய்ப்பு, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"ஏனுங்க மேனேஜர், நொம்ப புண்ணியமுங்க. நீங்க மட்டும் கொரல் குடுக்கலீன்னா இன்னேரம் என்னையப் பள்ளத்துல தேடிட்டு இருப்பாங்க."

ஆரஞ்சுப் பையை என் பக்கம் நீட்டினார்.

"போன மழைக்கு அங்க மண்ணு சரிஞ்சு போச்சுங்க, எனக்குத் தெரியவே தெரியாது. பழைய நெனப்புல நடந்துட்டே இருந்தனுங்க. உங்க கொரல் வந்துச்சு, இந்தப் பக்கம் திரும்பிட்டேன். கொரல் எனக்குத் தெரியாதுங்களா!"

சரோஜா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "அய்யோ சாமி" என்றாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருசத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் நான் சொன்ன ஒரே ஒரு சொல் இதுதான்:

"பரவாயில்லைங்க."

ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன். தின்னவும் தின்றேன். வேறு யாரோ கொடுத்திருப்பார்கள், அவர் நான் என்று நினைத்துக்கொண்டார், நல்லபடியாக முடிந்ததே, அதைக் கலைப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது முடியவில்லை. சடையண்ணன் டீக்கடையில் சொன்னார், மஞ்சக்குட்டை பஸ்ஸில் சொன்னார். அதைவிட மோசம், முன்பெல்லாம் மேகம் இறங்கினால் நின்று நிதானித்து வருகிறவர், இப்போது ஒரு குரலை விட்டுவிட்டு விடுவிடுவென்று நடக்கிறார். ராமாயி அக்கா, அவர் சம்சாரம், "பாத்து வாங்க" என்று சத்தம் போட்டால் "மேல மேனேஜர் இருக்காரு, எனக்கென்ன பயம்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிற்றில் ஒரு சொட்டு விழும். நான் சொன்ன பரவாயில்லையை நம்பி ஒரு மனுசன் பள்ளத்து ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்.

சரி, கார்டுக்கு வருகிறேன். சேலத்தில் குமரேசன் என்று கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பையன், என்னை அண்ணா என்பான். கார்த்திகையில் அவனிடம் சொல்லி ஒரு நல்ல சவுண்ட் கார்டைப் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பலகை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். சரோஜா டார்ச் அடித்தாள்.

"உள்ள இத்தன தூசியா! இதுதான் இருமுதாட்டம் இருக்குது."

"வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு."

"காட்டித்தானுங்க இருக்கறேன். உங்க தலைதான் மறைக்குது."

தூசியை ஊதி, கார்டை அதற்கான பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. திருகைப் போட்டு மூடி, கம்ப்யூட்டரைக் கிளப்பி, பழைய சவுண்டை அணைத்துவிட்டு, புதியதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை ஏற்றி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி நின்றது.

ஸ்பீக்கரில் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அப்புறம்தான் புரிந்தது, கரகரப்பு இல்லை. அவ்வளவுதான். இத்தனை வருசமாக இந்த வீட்டில் பொரிந்துகொண்டிருந்த கடுகு நின்றுவிட்டது. எதைப் போட்டுப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த மிகச் சன்னமான சத்தம் ஐப்பசிப் பதிவுதான். அதை முழுசாகக் கேட்க எனக்கு மனசு வந்ததே இல்லை, சடையண்ணன் குரலை வெட்டி எறிந்துவிட்டு ஒரு பிரதி வைத்திருந்தேன், அதையும் வெளியே விடவில்லை. அன்றைக்கு ஏனோ வெட்டாத மூலத்தையே திறந்தேன்.

சொட்டு. இலை மேல் சொட்டு, அதற்குக் கீழே இன்னொரு இலை, அதற்கும் கீழே மண் வாங்கிக்கொள்கிற சத்தம். நான் கல்லில் அசைந்தது. என் மூச்சு. பிறகு "ஓஓய்". இடைவெளி. மறுபடியும் "ஓஓய்". நான் மூச்சை இழுத்து அடக்குவது கேட்கிறது, மூக்குக்குள் காற்று நின்றுபோவது அவ்வளவு தெளிவாக.

அதற்கு மேலே, மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி:

"ஓஓய்... இந்தப் பக்கம் வாங்க..."

என் குரல். 'வாங்க'வில் கொஞ்சம் உடைந்து, பின்னாலேயே வறண்ட ஒரு சின்ன இருமல். அது முடிகிற வரைக்கும் அடக்கின மூச்சு அடக்கினபடியே இருக்கிறது. இருமலுக்கு அப்புறம்தான் நான் மெல்ல மூச்சை விடுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறவன் எப்படிங்க கத்துவான்? ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தன் கூப்பிடுகிறான், இரண்டு பேரும் நான்.

திரும்பிப் பார்த்தால் சரோஜா டார்ச்சை அணைக்காமலே நிற்கிறாள், முகத்தில் சிரிப்பு.

"அன்னிக்கு சடையண்ணனுக்குக் குடுத்த கொரலா? அட, நல்லாத்தான் உழுந்திருக்குது. கடைசில இருமல் வேற. இதுக்கு ஏனுங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

அவளுக்கு அது அதிசயமே இல்லை, பாருங்கள். கொடுத்தேன் என்று ஊரே சொன்ன குரல், கம்ப்யூட்டரில் கேட்கிறது, அவ்வளவுதானே. என் பயத்தை அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பாவத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, அன்றைக்கு. எனக்கு ஐப்பசியில் இருமலே கிடையாது என்பதையும் சொல்லவில்லை.

அவள் சமையலறைக்குப் போனதும் ரெக்கார்டரை எடுத்து அதிலேயே நேராகக் கேட்டேன். சொட்டு, சடையண்ணன், சொட்டு. பதில் இல்லை. கார்டை அணைத்துவிட்டுப் பழைய சவுண்டில் கேட்டேன், கடுகுதான். மறுபடியும் கார்டில் போட்டேன், வந்துவிட்டது, அதே இடத்தில், அதே இருமலோடு. பதிவைக் குமரேசனுக்கு அனுப்பி, கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

"ஒரு பெரியவரு ரெண்டு தடவ கூப்பிடறாரு, அப்பறம் தண்ணி சொட்டுது. சூப்பரா இருக்குண்ணா. இதுல என்ன பிரச்சன?"

"பதில் குரல் ஒண்ணு கேக்குதா?"

"இல்லையேண்ணா. உங்களுக்குக் கேக்குதா? கார்டு, இல்லாத சத்தத்த உண்டாக்காதுங்கண்ணா. ஸ்பீக்கர்ல ரேடியோ கீடியோ பிடிக்குதான்னு பாருங்க."

ரேடியோவில் எதற்குங்க என் குரல் வரப்போகிறது?

சில நாள் தாங்கினேன். அப்புறம் முடியவில்லை. சடையண்ணன் மேகத்துக்குள் விசில் அடித்துக்கொண்டு போவதை ஜன்னலில் பார்த்தேன், அன்றைக்கே சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். காது அடைத்துக்கொண்டதால் தான் கத்துகிறோம் என்பதே தெரியாமல் கத்தினார்.

"கேக்குதுங்க! நாந்தானுங்க அது! அம்மிணி, நான் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறனுங்க!"

சரோஜா காப்பி டம்ளரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பதில் வந்த இடத்தில் அவர் தலை மெல்ல ஆடியது. ஹெட்போனை நானே கழற்றினேன். சொல்லிவிட்டேன்.

"சடையண்ணா, அது நான் இல்லைங்க. நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டும் வாயைத் திறக்கலை. ரெக்கார்டிங் கெட்டுப்போகும்னு சும்மா உக்காந்திருந்தேன். ஆரஞ்சு வாங்கின அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அப்ப இது ஆருங்க?"

ஹெட்போனை மேஜையில் வைத்தேன்.

"மேனேஜருக்குப் பேரு வாங்கறது புடிக்காதுங்க அம்மிணி" என்று சரோஜாவிடம் சொன்னார். அவளும் "அவரு அப்படித்தானுங்க, சொன்ன சொல்லையே சொல்லலீம்பாரு" என்றாள். நான் மறுபடியும் சொன்னேன், சத்தியம் செய்தேன், மூச்சு அடங்கியிருப்பதைக் கேளுங்கள் என்று இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். அவர்களுக்கு மூச்சு எல்லாம் கேட்கவில்லை. என் குரல்தான் கேட்டது. நான் குற்றவாளி இல்லை என்பதற்கு நானே வாங்கி மாட்டிய கார்டு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

எழுந்துகொள்ளும்போது சடையண்ணன் நின்றார்.

"ஏனுங்க, மொதல்ல ஒண்ணு குடுத்தீங்களே, அதைக் காணோமே?"

"எது?"

"'நில்லுங்க'ன்னு. கால எடுத்து வெக்கப் போனனுங்க, அப்பத்தான் 'நில்லுங்க'ன்னு ஒரு சத்தம் குடுத்தீங்க. நின்னுட்டேன். குச்சியில தட்டிப் பாத்தா முன்னால மண்ணே இல்லீங்க. பொறவுதான் இந்தப் பக்கம் வாங்கன்னீங்க. அது இருக்குது, மொத கொரல் இல்லீங்களே." பிறகு அவரே என்னைத் தேற்றினார். "மிசினு பழசு, ஒண்ண உட்டிருக்கும். உடுங்க."

மார்கழியில் எனக்குச் சளி பிடித்தது. தொண்டை வறண்டு, பேசினால் குரல் உடையும். ஒரு மத்தியானம் மேகம் இறங்கியது. சரோஜா துணி எடுக்கப் போயிருந்தாள். எழுந்து நடந்தேன், அந்தச் சில்வர் ஓக்குக்கு. ஏன் போனேன் என்று கேட்டால், கடன் மாதிரி ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்காவது கொடுத்துவிட்டு வந்தால் தூங்கலாம் என்று. கீழே யாரும் கூப்பிடவில்லை. வெறும் வெள்ளைதான். கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு குரலும் கொடுத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்திருந்தது எதுவோ அதுதான் முதலில் வந்தது.

"ஓஓய்... இந்தப் பக்கம் வாங்க..."

'வாங்க'வில் குரல் உடைந்தது. ஒரு சின்ன இருமல் வந்தது.

அந்த இருமலை எனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அதே வறட்சி, அதே இடம், அதே நீளம். சொட்டுகூட அதே மாதிரி விழுந்தது என்று தோன்றியது, அது என் மனசின் வேலையாகக்கூட இருக்கலாம், ஆனால் இருமல் மனசின் வேலை இல்லை. கல்லில் உட்காரப் போனவன் உட்காரவில்லை, அங்கே ஏற்கனவே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஓடி வந்துவிட்டேன். இன்னொரு குரல் கொடுக்கவில்லை.

மார்கழியில் விட்ட குரல்தான் ஐப்பசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, 'நில்லுங்க' மட்டும் இன்னும் பாக்கி, அது போய்ச் சேராவிட்டால் அவர் நின்றிருக்கவே மாட்டார். அன்று முதல் இதுதான். மேகம் இறங்கினால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போய் "நில்லுங்க" என்று கத்துகிறேன். நல்ல தொண்டையில் கத்தியிருக்கிறேன், கெட்ட தொண்டையில் கத்தியிருக்கிறேன், அழுதுகொண்டும் கத்தியிருக்கிறேன். "ஆருமே கூப்பிடலீங்களே, ஆரை நிக்கச் சொல்றீங்க?" என்று சரோஜா கேட்பாள், முன்பு சிரித்துக்கொண்டு கேட்டாள், இப்போதெல்லாம் சிரிப்புக்குப் பின்னால் வேறு ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கார்டில் போட்டுக் கேட்பேன். சொட்டுகிறது. அவர் கூப்பிடுகிறார். 'நில்லுங்க' வரவேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது.

போன வாரம் சடையண்ணன் பட்டர் ப்ரூட் கொண்டுவந்தார். திடமாகத்தான் இருக்கிறார். பேச்சு வாக்கில், அந்த முதல் குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது, எப்படி இருந்தது, சளி பிடித்த குரலா, நன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"எது, 'நில்லுங்க'ன்னதா? அப்படி ஒண்ணு குடுத்தீங்களாங்க, இல்ல நானேதான் நின்னனா? முன்ன நல்லா நெனப்பு இருந்துச்சு, இப்ப என்னமோ மங்கிட்டே வருதுங்க."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். மேகம் அப்போதுதான் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் அவர் காலை எடுத்துக்கொண்டது, பிறகு இடுப்பை. நான் வாசலிலிருந்தே கத்த ஆரம்பித்தேன்.